மோனாவின் நிலவறை: பீட்டில்ஸ் உருவான வீடும் அதைச் சுற்றியிருந்தவர்களும்

1954-இல் இங்கிலாந்தின் டெர்பி குதிரைப் பந்தயத்தில் 'நெவர் சே டை' என்ற குதிரை ஜெயித்தது. ஒன்றுக்கு 33 என்று போன குதிரை அது. ஜெயிக்கும் என்று பெரிதாக யாரும் நம்பவில்லை. லிவர்பூலில் மோனா பெஸ்ட் என்ற பெண் மட்டும் தன் நகைகளை அடகு வைத்து அதன் மேல் பணம் கட்டியிருந்தார். கிடைத்த பணம் பின்னால் ஒரு வீடாக மாறியது: எண் 8, ஹேமன்ஸ் கிரீன், வெஸ்ட் டெர்பி. பதினைந்து அறைகளும் கீழே பெரிய நிலவறையும் கொண்ட பழைய விக்டோரிய வீடு. குடும்பத்தார் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

பீட்டில்ஸ் இசைக்குழுவினர் எப்படி உயர்ந்தார்கள் என்று யாரைக் கேட்டாலும் சொல்லும் பெயர்கள் ஆறு. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வர், மேலாளர் பிரையன் எப்ஸ்டீன், பாடல்களைப் பதிவு செய்த தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். தவறில்லை. ஆனால் எப்ஸ்டீன் அந்தக் குழுவை முதன்முதலில் பார்த்தது 1961 நவம்பர் 9 அன்று. அதற்கு முன்னாலேயே அவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் மாதக்கணக்கில் இரவெல்லாம் வாசித்து, லிவர்பூலின் பேசுபொருளாகிவிட்டார்கள். அதுவரை அவர்களுக்கு வாசிக்க இடம் கொடுத்தது யார், வண்டி ஓட்டியது யார், நிகழ்ச்சி கேட்டு போன் செய்தது யார்? இதைத் தேடிக்கொண்டு போனால் திரும்பத் திரும்ப இந்த வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறோம்.

மோனா 1924-இல் டெல்லியில் பிறந்தவர். மூத்த மகன் பீட் 1941 நவம்பரில் மெட்ராஸில் பிறந்தான். ஆமாம், நம் மெட்ராஸ்தான். பீட்டில்ஸின் டிரம்மராக இரண்டு வருடம் இருந்தவர் சென்னையில் பிறந்தவர் என்று முதலில் படித்தபோது அச்சுப்பிழையோ என்றுதான் நினைத்தேன். உலகப் போர் முடிந்த 1945-இல் குடும்பம் கப்பலேறி லிவர்பூல் வந்து சேர்ந்தது.

1959-இல் லண்டனில் ஒரு காபி பாரில் இளம் பாடகர்கள் பிரபலமாகிறார்கள் என்று டிவியில் பார்த்த மோனாவுக்கு, நம் நிலவறையை ஏன் அப்படி மாற்றக்கூடாது என்று தோன்றியது. மகன்களும் அவர்களுடைய நண்பர்களும் எப்படியும் வீட்டில்தான் கூடுகிறார்கள், கீழே உட்கார்ந்து பாட்டு கேட்கட்டுமே. 'கஸ்பா காபி கிளப்' என்று பெயர் வைத்தார்.

தொடக்க நாளில் வாசிக்க வேறொரு குழுவைத்தான் பேசி வைத்திருந்தார்கள். அதில் ஜார்ஜ் ஹாரிசனும் கென் பிரவுன் என்ற இளைஞரும் இருந்தார்கள். கென் ஒத்திகைக்கு வராமல் கஸ்பாவில் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார் என்று குழுவின் தலைவருக்குக் கோபம். சண்டையில் குழு உடைந்தது. எனக்கு இரண்டு பேரைத் தெரியும் என்று சொல்லி ஜார்ஜ் அழைத்து வந்தவர்கள்தான் ஜானும் பாலும். பின்னால் பீட்டில்ஸ் ஆன 'குவாரிமென்' என்ற அவர்களுடைய குழு அந்தச் சமயத்தில் ஏறக்குறைய செத்துப்போயிருந்தது. நிகழ்ச்சியும் இல்லை, டிரம்மரும் இல்லை. ஜார்ஜ் வேறு குழுவில் வாசிக்கப் போனதே அதனால்தான்.

வந்தவர்கள் கையில் மோனா முதலில் கொடுத்தது தூரிகை. திறப்பு விழாவுக்குள் வேலை முடிய வேண்டுமே! பால் ஒரு அறையின் கூரையில் வானவில் தீட்டினார். இன்னொரு கூரையை ஜான் எடுத்துக்கொண்டார். மோனா தன் பங்குக்கு ஒரு சுவரில் டிராகனை வரைந்தார். 1959 ஆகஸ்ட் 29 அன்று கிளப் திறந்தபோது, தாங்களே வண்ணம் அடித்த அறையில் நான்கு கித்தார்களோடு அவர்கள் நின்றார்கள். சம்பளம் இரவுக்கு 3 பவுண்டு, தலைக்கு 15 ஷில்லிங்.

அந்த 15 ஷில்லிங்கே பிரச்சினையானது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கென் பிரவுனுக்கு உடம்பு சரியில்லை. வாசிக்க முடியாதவரை மோனா மாடியில் உட்கார வைத்து, அவருடைய பங்கையும் கொடுத்துவிட்டார். வாசிக்காதவனுக்கு எதற்குப் பணம் என்று மற்ற மூவரும் கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள். மோனா அசையவில்லை. காய்ச்சலோடு கிடக்கும் பையனின் கூலியை வெட்டுவதில்லை என்பது அவர் கணக்கு. இந்தச் சின்னச் சண்டை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் எப்படிப்பட்ட மனுஷி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கோபித்துக்கொண்டு போனவர்கள் 1960 ஆகஸ்டில் அதே வீட்டிலிருந்து டிரம்மரைத் தேடிக்கொண்டார்கள். ஹாம்பர்க்கில் வாசிக்க ஒப்பந்தம் கிடைத்துவிட்டது, டிரம்மர்தான் இல்லை. பீட்டிடம் அம்மா வாங்கிக் கொடுத்த டிரம் செட் இருந்தது. புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவர் குழுவில் சேர்ந்தார்.

ஹாம்பர்க் போன வேனில் இருந்தவர்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வண்டியை ஓட்டியவர் ஆலன் வில்லியம்ஸ். ஜகரண்டா என்ற காபி பாரை நடத்தியவர், ஹாம்பர்க் ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்தவரும் அவரே. அவருடைய மனைவி பெரில், லிவர்பூலின் சீனச் சமூகத்தைச் சேர்ந்தவர். பெரிலின் தம்பியும் கூட வந்தார். பிறகு 'லார்டு வுட்பைன்' என்ற பெயரில் அறியப்பட்ட ஹரால்டு ஃபிலிப்ஸ். டிரினிடாட்டில் பிறந்து, 1948-இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் இங்கிலாந்து வந்தவர், கலிப்ஸோ என்ற கரீபிய இசைப் பாடகர். ஸ்டீல் டிரம் இசைக்குழு வைத்திருந்தவர். வில்லியம்ஸோடு சேர்ந்து லிவர்பூலில் கிளப் நடத்தியவர். பயிற்சி போதாத இந்தப் பையன்கள் அவரையே சுற்றிக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கத்தில் அவர்களை 'வுட்பைனின் பையன்கள்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பீட்டில்ஸ் கறுப்பின இசையில் ஊறியவர்கள் என்று எழுதும்போது அமெரிக்க இசைத்தட்டுகளைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதே ஊரில், அதே வேனில், தோள் உரச உட்கார்ந்து வந்த மனிதரின் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஹாம்பர்க்கில் நடந்தது பலருக்கும் தெரியும். வார நாட்களில் நாலரை மணி நேரம், வார இறுதியில் ஆறு மணி நேரம் வாசிப்பு. தூக்கம் ஒரு சினிமா கொட்டகையின் திரைக்குப் பின்னால். பதினேழு வயது ஜார்ஜ் நள்ளிரவுக்குப் பிறகு கிளப்பில் இருக்கக் கூடாது என்று நவம்பரில் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னாலேயே பாலும் பீட்டும் கைதாகி நாடு கடத்தப்பட்டார்கள். டிசம்பரில் லிவர்பூல் வந்து சேர்ந்தபோது கையில் காசில்லை. குழு இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்கே தெரியாத நிலை.

திரும்பி வந்து முதலில் வாசித்த இடம் எது என்று நினைக்கிறீர்கள்? கஸ்பாதான். டிசம்பர் 17, மோனாவின் நிலவறை. பத்து நாள் கழித்து, 27-ஆம் தேதி லிதர்லேண்ட் டவுன் ஹாலில் ஒரு நடன நிகழ்ச்சி. பழைய பீட்டில்ஸ் அன்றைக்குத்தான் புதிய பீட்டில்ஸ் ஆனார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆட வந்த கூட்டம் ஆடுவதை விட்டுவிட்டு மேடையை நோக்கி ஓடியது. அந்த நிகழ்ச்சியை அமைத்தவரிடம் போன் போட்டு, வேலையில்லாமல் ஜகரண்டாவில் உட்கார்ந்திருந்த பையன்களுக்கு 6 பவுண்டு பேசி வாங்கித் தந்தவர் பாப் வூலர்.

வூலர் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு நிகழ்ச்சிகளில் அறிவிப்பாளராகவும் இசைத்தட்டு போடுபவராகவும் மாறியவர். மேடைக் கலையின் நுணுக்கத்தை இந்தக் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. திரை விலகுவதற்கு முன்னாலேயே பாட்டைத் தொடங்கிவிடுங்கள் என்பார். லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் அவர்கள் மேடையேறும்போது 'வில்லியம் டெல்' முன்னிசையைப் போட்டு, ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைப்பார். அந்தக் கேவர்னில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி உரிமையாளர் ரே மெக்ஃபாலிடம் வற்புறுத்தியவர்கள் வூலரும் மோனாவும். 1961 பிப்ரவரி 9 அன்று மதிய வேளையில் முதல் நிகழ்ச்சி. 1963 ஆகஸ்ட் வரை அங்கே முந்நூறு முறைக்குச் சற்றுக் குறைவாக வாசித்தார்கள்.

1961-இல் குழுவுக்கு மேலாளர் என்று யாரும் இல்லை. ஆனால் மேலாளர் செய்ய வேண்டிய வேலை ஹேமன்ஸ் கிரீன் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. நிகழ்ச்சிகளை எடுப்பதும் தேதி குறிப்பதும் மோனாவும் பீட்டும்தான். வெளியே மண்டபம் பிடித்து மோனாவே நிகழ்ச்சி நடத்தினார். குழுவைக் கவனியுங்கள் என்று தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு தாய் தன் மகனுக்காகச் செய்தார் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பின்னால் எப்ஸ்டீன் வந்து முறையாகச் செய்ததில் பாதி இதே வேலைதான். அவருக்கு அலுவலகமும் மேலாளர் என்ற பட்டமும் இருந்தன. மோனாவிடம் இருந்தது வீட்டுத் தொலைபேசி. பெண்கள் வீட்டிலிருந்து செய்த வேலையை வேலை என்றே கணக்கில் எழுதாத பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. பாப் இசையின் வரலாறும் அதற்கு விலக்கில்லை.

அதே வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவர் நீல் ஆஸ்பினால். பாலோடும் ஜார்ஜோடும் ஒரே பள்ளியில் படித்தவர், பீட்டின் நெருங்கிய நண்பர். கணக்காளர் ஆவதற்குப் பயிற்சியில் இருந்தார். இவர்களுக்கு டிரம் செட்டையும் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வண்டி வேண்டும். 80 பவுண்டுக்கு ஒரு பழைய காமர் வேனை வாங்கினார் நீல். ஒரு நிகழ்ச்சிக்குத் தலைக்கு 5 ஷில்லிங். அதாவது வண்டி, ஓட்டுநர், சுமை தூக்குபவர் எல்லாம் சேர்த்து இரவுக்கு 1 பவுண்டு. கொஞ்ச நாளில் கணக்கு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வண்டியில் ஏறிவிட்டார்.

எப்ஸ்டீன் வந்த பிறகு கதை வேகம் பிடிக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த பகுதி என்பதால் இரண்டு இடங்களில் மட்டும் நிற்கிறேன்.

முதலாவது, லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் எச்எம்வி கடை. டெக்கா இசைத்தட்டு நிறுவனம் குழுவைப் பாட வைத்துச் சோதித்து நிராகரித்த பிறகு, 1962 பிப்ரவரியில் அந்தச் சோதனைப் பதிவின் டேப்புகளை எடுத்துக்கொண்டு எப்ஸ்டீன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். டேப்பைவிட இசைத்தட்டாக இருந்தால் போட்டுக் காட்ட எளிது என்று அந்தக் கடையில் தட்டு வெட்டக் கொடுத்தார். வெட்டிக் கொடுத்தவர் ஜிம் ஃபாய். காசை வாங்கிக்கொண்டு தட்டை நீட்டியிருந்தால் அன்றைய வேலை முடிந்தது. அவரோ, வெட்டும்போது காதில் விழுந்த பாட்டு பிடித்துப்போய் விசாரித்தார். சில பாடல்கள் பையன்களே எழுதியவை என்று தெரிந்ததும், அதே கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்த இசைப் பதிப்பாளர் சிட் கோல்மனிடம் எப்ஸ்டீனை அனுப்பினார். கோல்மன் வழியாகத்தான் ஜார்ஜ் மார்ட்டினின் அறைக்கதவு திறந்தது.

இரண்டாவது, 1962 ஜூன் 6, மார்ட்டின் வேலை பார்த்த இஎம்ஐ நிறுவனத்தின் அபே ரோடு ஸ்டுடியோ. குழு கொண்டுவந்த கருவிகளைப் பார்த்துப் பொறியாளர்கள் திகைத்துப் போனார்கள். பாலின் பேஸ் ஆம்ப்ளிஃபயர் வெறும் இரைச்சலைத்தான் எழுப்பியது. அதை வைத்துப் பதிவு செய்ய முடியாது. ஜானின் ஆம்ப்ளிஃபயர் கடகடவென்று ஆட, அதைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பதிவுப் பொறியாளர் நார்மன் ஸ்மித்தும் தொழில்நுட்பப் பொறியாளர் கென் டவுன்செண்டும் எதிரொலி அறையில் இருந்த பெரிய டானாய் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, ஒரு ஆம்ப்ளிஃபயரோடு ஒயரைப் பற்றவைத்து, பாலுக்கு அவசரமாக ஒரு பேஸ் செட்டைத் தயார் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் பாட்டு. 'லவ் மீ டூ' பாடலைக் கேட்டு ஏதோ இருக்கிறது என்று தோன்ற, மார்ட்டினைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பியவர் ஸ்மித்.

அந்த டவுன்செண்ட் நான்கு வருடம் கழித்து இன்னொரு காரியம் செய்தார். குரல் அடர்த்தியாகக் கேட்க, பாடகர் அதே வரியை இரண்டாம் முறை பாடி முதல் பதிவின் மேல் ஏற்றுவது அப்போதைய வழக்கம். ஜானுக்கு அது அலுப்பு. பொறியாளர்களை நச்சரித்துக்கொண்டே இருப்பார். டவுன்செண்ட் ஒரே குரலை இரண்டாவது டேப் இயந்திரத்துக்குள் அனுப்பி, துளித் துளி தாமதத்தோடு திரும்ப எடுத்து முதல் குரலோடு சேர்த்தார். ஒருமுறை பாடினாலே இரண்டு பேர் பாடுவதுபோலக் கேட்டது. 1966-இல் வந்த 'ரிவால்வர்' தொகுப்பில் இது எங்கும் இருக்கிறது. இன்றைக்கு எந்த ஸ்டுடியோ மென்பொருளைத் திறந்தாலும் அதன் வாரிசு ஒன்று உள்ளே இருக்கும்.

சரி, வீட்டுக்குத் திரும்புவோம்.

ஜூன் பதிவுக்குப் பிறகு, பீட்டின் டிரம்ஸ் ஸ்டுடியோவுக்குப் போதாது என்று மார்ட்டின் சொன்னார். அவருடைய எண்ணம் பதிவுக்கு மட்டும் வேறு டிரம்மரை வைத்துக்கொள்வது. ஆனால் மற்ற மூவரும் அதற்கு முன்பே ரிங்கோவை விரும்பியிருந்தார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று எப்ஸ்டீன் பீட்டைத் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். வண்டியில் கூட்டிக்கொண்டு போனவர் நீல். சிறிது நேரத்தில் பீட் வெளியே வந்தார். இனி குழுவில் அவர் இல்லை. பையன்கள் மூவரும் அங்கே இல்லை, சொல்லும் பொறுப்பை மேலாளரிடம் விட்டுவிட்டார்கள்.

நீலின் நிலையை யோசித்துப் பாருங்கள். நீக்கப்பட்டவர் நெருங்கிய நண்பர். நீல் குடியிருப்பது அந்த நண்பரின் வீட்டில். அதோடு மோனாவுக்கும் நீலுக்கும் இடையே உறவு மலர்ந்து, அவர்களுக்கு ஒரு மகன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நானும் விலகுகிறேன் என்றார் நீல். வேண்டாம், இவர்கள் பெரிய இடத்துக்குப் போகப்போகிறார்கள், நீ இரு என்று சொன்னவர் பீட்.

நீல் இருந்தார். நாற்பத்தைந்து வருடம் இருந்தார். 1968-இலிருந்து 2007 வரை பீட்டில்ஸின் ஆப்பிள் கோர் நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தினார். குழு பிரிந்து நால்வரும் ஒருவரோடு ஒருவர் வழக்காடிய காலத்திலும் நான்கு பேரும் நம்பிய ஒரே ஆளாக இருந்தார். வேன் ஓட்டியவர் கையில்தான் கடைசிவரை சாவி இருந்தது.

1963-இல் வேலை பெருகியதும் நீலுக்குத் துணையாக மால் எவன்ஸ் வந்தார். தபால் துறையில் தொலைபேசிப் பொறியாளர், ஆறடிக்கு மேல் உயரம். மதிய உணவு நேரத்தில் தெருவில் நடக்கும்போது கேவர்னிலிருந்து வந்த சத்தம் அவரை உள்ளே இழுத்தது. பிறகு அங்கேயே வாசல் காவலராகச் சேர்ந்தார். அந்த வருட ஜனவரியில் நீலுக்குக் காய்ச்சல் என்று மாற்று ஓட்டுநராகக் குழுவை லண்டனிலிருந்து லிவர்பூலுக்கு ஓட்டி வந்த இரவில், நடுவழியில் வேனின் முன்கண்ணாடி நொறுங்கியது. கடுங்குளிர். மால் கையால் மிச்சக் கண்ணாடியை இடித்துத் தள்ளிவிட்டு, முகத்தில் அடிக்கும் பனிக்காற்றோடு தொடர்ந்து ஓட்டினார். பின்னால் நான்கு பேரும் குளிர் தாங்காமல் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிப் படுத்துக்கொண்டு, மேலே இருப்பவர் விறைத்துப்போனதும் கீழே மாறி வந்தார்கள். அடுத்த நாள் கேவர்னில் நிகழ்ச்சி இருந்தது. வாசித்தார்கள்.

அதே நேரத்தில் எப்ஸ்டீனின் அலுவலகத்தில் ஃப்ரீடா கெல்லி என்ற பதினேழு வயதுப் பெண் ரசிகர் மன்றத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். கேவர்னில் மதிய நேரத்தில் நின்று கேட்ட தட்டச்சுப் பெண். தொடக்கத்தில் மன்றத்தின் முகவரியாகத் தன் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டார். கடிதங்கள் மூட்டையாக வந்து குவிய ஆரம்பித்ததும் அவருடைய அப்பா தன் கட்டண ரசீதை அதற்குள் தேட வேண்டியதாயிற்று. ஒரு ரசிகை தலையணை உறையை அனுப்பி, ரிங்கோ இதில் ஒருநாள் தூங்க வேண்டும் என்று கேட்டால், ஃப்ரீடா அதை ரிங்கோவின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, உண்மையாகவே தூங்க வைத்துத் திருப்பி அனுப்புவார். முடி கேட்டவர்களுக்கு உண்மையான முடி. உதவிக்கு வந்த பெண்கள் வேறு முடியை வைத்து அனுப்பியது தெரிந்ததும் அவர்களை வேலையை விட்டே நிறுத்தினார். கடல் தாண்டி ஒரு சிறுமி கையில் உறையைப் பிரித்துப் பார்ப்பாள், அவளை ஏமாற்றக் கூடாது. பீட்டில்ஸ் வெறி என்று செய்தித்தாள்கள் எழுதியதற்குப் பின்னால் இப்படி ஒவ்வொரு கடிதமாகப் பதில் எழுதிய ஒரு கை இருந்தது.

அமெரிக்கா திறந்ததிலும் ஒரு சிறுமி உண்டு. 1963 டிசம்பர் 10 அன்று சிபிஎஸ் மாலைச் செய்தியில் பீட்டில்ஸைப் பார்த்த மேரிலாந்து மாநிலத்துப் பள்ளி மாணவி, இந்த இசையை நம் ஊரில் ஏன் போடுவதில்லை என்று வாஷிங்டன் வானொலி நிலையம் ஒன்றுக்கு எழுதினார். அறிவிப்பாளர் கேரல் ஜேம்ஸ், விமானப் பணிப்பெண் ஒருவர் மூலம் இங்கிலாந்திலிருந்து இசைத்தட்டை வரவழைத்தார். டிசம்பர் 17 அன்று அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணையே அழைத்துவந்து அறிவிக்க வைத்துப் போட்டார். தொலைபேசிகள் ஓயவில்லை. ஜனவரி 13 அன்று வெளியிடத் திட்டமிட்டிருந்த 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' இசைத்தட்டை கேபிடல் நிறுவனம் டிசம்பர் 26-க்கு முன்கூட்டியது. பள்ளி விடுமுறை நேரம், பிள்ளைகள் கையில் கிறிஸ்துமஸ் பணம். பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர்களைப் பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம் பேர்.

கஸ்பா 1962 ஜூனில் மூடப்பட்டது. கடைசி இரவு வாசித்ததும் பீட்டில்ஸ்தான், பீட் அப்போது குழுவில் இருந்தார். அந்த வீடும் நிலவறையும் இன்றும் இருக்கின்றன. பாலின் வானவில் கூரையும் அழியவில்லை. 2006-இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவித்தது. மோனா அதைப் பார்க்கவில்லை. 1988-இல் காலமாகிவிட்டார்.

1967-இல் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' இசைத்தொகுப்பின் அட்டைப்படத்துக்கு ராணுவ பேண்டு உடையில் நிற்க முடிவு செய்தபோது, ஜானுக்குப் பழைய ராணுவப் பதக்கங்கள் தேவைப்பட்டன. மோனாவின் அப்பா இந்தியாவில் ராணுவ மேஜராக இருந்தவர், அவருடைய பதக்கங்கள் அந்த வீட்டில் இருந்தது ஜானுக்கு நினைவிருந்தது. மோனாவின் மகனை நேரில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நீக்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஜான் கேட்டார். மோனா எடுத்துக் கொடுத்தார்.